31 அங்குல டயர் போட்ட ஜீப்பில் வேகமானி தப்பாகக் காட்டுகிறது, உதவி தேவை

சேற்றுத்தடம்:
நண்பர்களே, அவசரமாக ஓர் உதவி. என் ஜீப்பில் 31 அங்குல டயர் இருக்கிறது. வேகமானி சரியாகக் காட்டுவதில்லை. கைபேசி ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் 10 கி.மீ. வித்தியாசம். எதை மாற்றினால் சரியாகும்? வார இறுதியில் காட்டுப் பாதைக்குக் கிளம்புகிறோம், அதற்குள் முடித்தாக வேண்டும்.

மேடுபள்ளம்:
எந்த ஆண்டு, எந்த மாடல்? மீட்டருக்குக் கேபிள் போகிறதா, ஒயர் போகிறதா? 10 கி.மீ. என்பது எந்த வேகத்தில்? கூடவா, குறைவா? டயர் தவிர வேறு என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள்?

கிரீஸ்கை:
கேபிளைப் பாருங்கள். உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். என் பழைய வண்டியில் இதே தொல்லைதான். கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் தடவியதும் சரியாகிவிட்டது.

மேடுபள்ளம்:
கிரீஸ் காய்ந்தால் முள் துள்ளும், நடுங்கும். அவர் சொல்வது நிலையான வித்தியாசம் போலத் தெரிகிறதே. முதலில் அவர் பதில் சொல்லட்டும்.

நான்காம்கியர்:
இந்தக் கேள்விக்கு இதுவரை எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும். மீட்டருக்குத் தெரிவது சுற்று மட்டும்தான், தூரம் அல்ல. ஆகவே அது குறைவாகக் காட்டும். கம்பெனியிலிருந்து வந்த டயர் 215/75 ஆர்15 அளவு என்று வைத்துக்கொண்டால், அதன் விட்டம் 703.5 மி.மீ. 31 அங்குலம் என்றால் 787 மி.மீ. வகுத்தால் 1.119. மீட்டரில் 60 என்றால் நீங்கள் போவது 67. பள்ளிக்கூடக் கணக்கு. வேகமானியை ஓட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் குறைவானதாகப் பார்த்துப் போடுங்கள், அது வேகமாகச் சுற்றும், முடிந்தது.

சேற்றுத்தடம்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 1999 ராங்ளர், ஐந்து கியர் மேனுவல். மீட்டருக்கு ஒயர்தான் போகிறது. ஜிபிஎஸ் 60 காட்டும்போது மீட்டரில் 70.

நான்காம்கியர்:
மாற்றிப் படித்திருப்பீர்கள். ஜிபிஎஸ் 70, மீட்டர் 60 என்றுதான் இருக்கும். பெரிய டயரில் மீட்டர் கூடுதலாகக் காட்ட வழியே இல்லை.

சேற்றுத்தடம்:
இல்லை அண்ணா. மூன்று தடவை பார்த்தோம். நான் ஓட்ட, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைப் படித்தார். ஒவ்வொரு முறையும் 60க்கு 70.

வெட்டவெளி:
மலைப் பாதையில் பார்த்தீர்களா? ஜிபிஎஸ் கிடைமட்டத் தூரத்தைத்தான் எடுக்கும், ஏற்றத்தில் குறைத்துக் காட்டும். என் சந்தேகம் அதன்மேல்தான்.

அளவுகோல்:
ஏற்றத்தால் அவ்வளவு வராது. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் பாதையில்கூட வித்தியாசம் அரை சதவீதம்தான். 60ஐ 70 ஆக்க அது போதாது.

சேற்றுத்தடம், இந்த வண்டியைப் புதிதாக வாங்கினீர்களா, கைமாறி வந்ததா?

சேற்றுத்தடம்:
கைமாறி வந்தது. போன மாதம்தான் வாங்கினேன். டயரும், வண்டியை உயரமாக்கும் லிஃப்ட் கிட்டும் முன்பே போட்டிருந்தன. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அளவுகோல்:
அதுதான் முக்கியமான செய்தி. நான்காம்கியர் சொன்ன டயர் கணக்கு சரி. ஆனால் உங்கள் வண்டியில் வேகத்தை எடுக்கும் சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்பக்கத்தில், டிஃபரன்ஷியலுக்கு (ஆக்சில் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) முன்னாலேயே இருக்கிறது. அது எண்ணுவது ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்டின் சுற்று, சக்கரத்தின் சுற்று அல்ல. பெரிய டயர் போட்டதும் இழுவை குறைகிறதே என்று முந்தைய உரிமையாளர் ஆக்சிலுக்குள் இருக்கும் ஜோடிப் பல்சக்கரமான கிரவுன் பினியனையும் மாற்றியிருப்பார். அப்படியானால் அதே வேகத்தில் ஷாஃப்ட் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் ஏறும்.

ஊகம் வேண்டாம், எண்ணிப் பார்த்துவிடலாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரல், டூ வீல் டிரைவ், கைபிரேக் விடுபட்டிருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். இன்னொரு சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்று தேவை. அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ஆக்சில் விகிதம். இரண்டு சக்கரங்களையும் சேர்ந்தே சுற்றவைக்கும் லாக்கரோ லிமிடெட் ஸ்லிப்போ இருந்தால் இந்த முறை சரிவராது.

மின்தறி:
எதற்கு இவ்வளவு பாடு? சென்சார் ஒயருக்கு நடுவில் சிக்னலைத் திருத்தும் சின்னப் பெட்டி ஒன்று மாட்டினால் போதும், எந்த டயருக்கும் சரிசெய்துகொள்ளலாம். நான் ஐந்து வருடமாக அதில்தான் ஓட்டுகிறேன்.

மேடுபள்ளம்:
பெட்டியும் நல்ல வழிதான். ஆனால் ஆக்சில் விகிதம் தெரியாமல் இருப்பது ஆபத்து. பின் ஆக்சிலை மட்டும் மாற்றி முன் ஆக்சிலை விட்டிருந்தால், ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஷாஃப்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இறுகிய தரையில் ஏதாவது ஒன்று உடையும். சேற்றுத்தடம், முன்பக்கத்தையும் எண்ணாமல் ஃபோர் வீல் போடாதீர்கள்.

வெட்டவெளி:
இன்னொன்று. மணலுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டினீர்களா? காற்று குறைந்தால் டயர் அமுங்கும், ஆரம் குறையும், மீட்டர் கூட்டிக் காட்டும்.

நான்காம்கியர்:
ரேடியல் டயருக்குள் எஃகுப் பட்டை இருக்கிறது. அது எளிதில் நீளவோ சுருங்கவோ செய்யாது. அச்சு எவ்வளவு இறங்கினாலும் ஒரு சுற்றில் உருளும் நீளம் கொஞ்சம்தான் மாறும். டயரைப் பற்றிப் பேசுமுன் அதை வெட்டிப் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டவெளி:
நான் அளந்திருக்கிறேன். காற்றைப் பாதியாக்கியபோது அச்சின் உயரம் கண்ணுக்குத் தெரியவே இறங்கியது.

அளவுகோல்:
நீங்கள் அளந்தது அச்சின் உயரம். வேகமானிக்கு வேண்டியது உருளும் நீளம். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி, தரையில் டேப் வைத்துப் பாருங்கள். காற்று நிறைய இருக்கும்போதும் குறைத்த பிறகும் அதே மாதிரி அளந்தால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும்.

வெட்டவெளி:
செய்துவிட்டு எழுதுகிறேன்.

சேற்றுத்தடம்:
எண்ணிவிட்டேன். ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. முன்பக்கமும் அதே அளவுதான். வண்டியோடு வந்த தாளில் விகிதம் 3.73 என்று இருக்கிறது!

அளவுகோல்:
4.88 ஆக இருக்கும். கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல். இனி கணக்கு நேராகிவிடும். 4.88ஐ 3.73ஆல் வகுத்தால் 1.308. டயரின் 1.119ஆல் அதை வகுத்தால் 1.169. 60க்கு 70 என்று நீங்கள் பார்த்தது இதுதான். சென்சாரைக் கழற்றி, அதன் முனையிலுள்ள பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

சேற்றுத்தடம்:
34.

நான்காம்கியர்:
34ஐ 70ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 39.7. ஆகவே 40 போடுங்கள். ஆக்சில் மாற்றிய செய்தி முதலிலேயே வந்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அளவுகோல்:
நான் 39 போடச் சொல்வேன். 40 போட்டால் உண்மை வேகம் 60இல் மீட்டர் 59.5 காட்டும். 39 போட்டால் 61. மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. ஐக்கிய நாடுகளின் வாகன விதியும் (விதி எண் 39) அதைத்தான் சொல்கிறது.

கிரீஸ்கை:
அதே விதி, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் மேலே 4 கி.மீ.யும் கூடுதலாகக் காட்டலாம் என்கிறது. 60க்கு 70 அதற்குள் அடங்குகிறதே. அப்படியே விட்டுவிடலாமே?

மேடுபள்ளம்:
60இல் அடங்கும். 100இல் போகும்போது மீட்டர் 117 காட்டும், எல்லை 114. அதைவிட, ஓடோமீட்டரும் இதே சென்சாரை நம்பித்தான் ஓடுகிறது. ஓடாத தூரத்தை ஓடியதாகக் காட்டி, எண்ணெய் மாற்றும் கணக்கு, மைலேஜ் கணக்கு எல்லாவற்றையும் கெடுக்கும். மாற்றிவிடுவதே நல்லது.

அளவுகோல்:
ஒரு எச்சரிக்கை. அந்தச் சென்சாரின் கூட்டில் பல்சக்கரம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியே அமைந்திருக்கும். கூட்டைச் சுற்றி 26–31, 32–38, 39–45 என்று பல் எண்ணிக்கைக் குறிகள் இருக்கும். உங்கள் 34 இப்போது நடுக்குறியில் நிற்கிறது. 39க்குக் கூட்டைத் திருப்பி 39–45 குறியில் வைக்க வேண்டும். பழைய இடத்திலேயே செருகினால் பல் சரியாகப் பொருந்தாமல் புதுச் சக்கரம் தேய்ந்துவிடும். ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். கழற்றும்போது கொஞ்சம் வழியும், கீழே தட்டு வையுங்கள்.

மின்தறி:
39 பல் சக்கரம் வார இறுதிக்குள் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் பெட்டி பற்றி எனக்கு எழுதுங்கள்.

சேற்றுத்தடம்:
கிடைத்தது. முதல் தடவை கூட்டைத் திருப்ப மறந்துவிட்டேன், கரகரவென்று சத்தம் வந்ததும் நிறுத்திச் சரிசெய்தேன். இப்போது 60க்கு 61. அளவுகோல் அண்ணாவுக்கும் எல்லோருக்கும் நன்றி. கிளம்புகிறோம்.

கிரீஸ்கை:
சத்தம் வந்ததா? பல் சேதமாகவில்லையே? திரும்பி வந்ததும் கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்.

வெட்டவெளி:
அளந்துவிட்டேன். காற்றைப் பாதியாக்கியும் ஒரு சுற்றின் நீளம் 2 செ.மீ.தான் குறைந்தது. நான்காம்கியர் சொன்னது சரி.