டெக்சாஸில் சைலன்சர் பொருத்திய ரைஃபிளுடன் வேட்டை: விவரம் அறிந்தோர் உதவ வேண்டுகிறேன்

குழுவில் உள்ள உறவுகளுக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம். டெக்சாஸில் எச்1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் பணிபுரியும் என் தம்பி மகனை, உடன் வேலை செய்பவர் தம் பண்ணைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைத்திருக்கிறார். சைலன்சர் பொருத்திய தம் ரைஃபிளையே தருவதாகவும் சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஓசையைக் குறைக்கும் துணைக்கருவியும் துப்பாக்கி என்ற வரையறைக்குள் வந்துவிடுவதாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் தடுத்திருப்பதாலும், செய்தி கேட்டதும் வீட்டில் கலக்கம்தான். அவன் அப்பத்தா இன்னும் சமாதானமாகவில்லை.

சைலன்சரின் பயனைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ரைஃபிள் வெடிக்கும் ஓசை 160 டெசிபலை எட்டும். 140ஐத் தாண்டினாலே செவிக்குக் கேடு. சைலன்சர் ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும், உதைப்பும் தணியும். ஆயினும், ஒலியை விட வேகமாகச் செல்லும் குண்டின் வெடிப்பொலி அப்படியே இருப்பதால், திரைப்படங்களில் காட்டும் நிசப்தம் வெறும் கற்பனையே. காதடைப்பானும் அணிவதே நல்லது.

என் கேள்வி சட்டம் பற்றியது. டெக்சாஸில் 2019 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதலுடன் காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்து, வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே, மாநிலம் கேட்காவிட்டாலும் உரிமம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அச்சட்டத்திலும் சைலன்சர் துப்பாக்கியாகவே கருதப்படுவதால், அதைத் தம் பெயரில் பதிவு செய்துள்ள உரிமையாளர் அருகில் இருந்தால் போதுமா, வேறு ஆவணம் வேண்டுமா? இதே விசாவில் அங்கு வேட்டைக்குச் சென்றவர்களோ, வழக்கறிஞர்களோ தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.