பொருள்: பட்டையரா, புறக்கோளரா?

அன்புடையீர், வணக்கம்.

அறிபுனைத் தொடர்களின் அரசியல் பற்றிய பாடத்துக்காக ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடர் குறித்த கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். 2015 முதல் 2022 வரை 6 பருவங்களாக வந்த அத்தொடரில் ஐக்கிய நாடுகள் அவை ஆளும் புவியும், தனிநாடாகிவிட்ட செவ்வாயும், இவ்விரண்டுக்கும் கனிமம் வெட்டித் தந்துவிட்டுத் தாம் மூச்சுவிடும் காற்றுக்கே அல்லாடும் சிறுகோள் பட்டை மக்களும் மோதுகிறார்கள். இம்மூன்றாம் தரப்பினர்தாம் ‘பெல்ட்டர்’. ‘சிறுகோள் பட்டைவாசிகள்’ என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அதே பெயரைப் புவியார் ஏளனமாகச் சொல்கிறார்கள். இரண்டு வாய்க்கும் பொருந்தும் சொல்லாக வேண்டும்.
— ந.

‘பட்டையர்’ போதும். ‘சிறுகோள் பட்டை’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. மரப்பட்டை நினைவுக்கு வரும் என்பார்கள், வரட்டும்.
— கு.

நண்பர் கு. அவர்கள் இவ்வளவு எளிதாக முடித்துவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. திணைநிலைப் பெயர்கள் நிலத்தாலும் தொழிலாலும் அமைவதைத் தொல்காப்பியம் வழி நாம் அனைவரும் அறிவோம். அப்படியானால் முதலில் கேட்க வேண்டியது, சிறுகோள் பட்டை எந்தத் திணை என்பதே. வியாழனின் ஈர்ப்பு அலைக்கழித்ததால் ஒரு கோளாகத் திரள முடியாமற் போன கற்களின் கூட்டம் அது. அனைத்தையும் சேர்த்து நிறுத்தாலும் நம் நிலவின் நிறையில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான், அதிலும் மூன்றில் ஒரு பங்கு சீரிஸ் என்னும் ஒரே குறுங்கோளுக்குப் போய்விடும். ‘முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து’ என்று சிலம்பு பாலையைப் பற்றிச் சொல்வது இதற்கு அச்சாகப் பொருந்தவில்லையா? நீரின்மை, வழிப்பறி, பிரிவு ஆகிய மூன்றும் தொடரில் உள்ளன. ஆகவே ‘பாலையர்’.
— இ.

பெரியவர் இ. அவர்களின் மடலைச் சுவைத்துப் படித்தேன். ஆனால் சிலம்பின் பாலை, இருந்த நிலம் திரிந்து உண்டாவது. சிறுகோள் பட்டையோ நிலமாக ஆகவே இல்லை. கெட்டது வேறு, பிறவாதது வேறு. ‘பட்டையர்’ என்பதிலும் குறை உண்டு. வியாழனின் நிலவான கானிமீடில் பிறந்தவரும், சனியின் வளையத்தில் பனிக்கட்டி வெட்டுபவரும்கூடத் தொடரில் பெல்ட்டர்தாம். அவர்களின் இயக்கம் ‘புறக்கோள்கள் கூட்டணி’ என்றே பெயர் பூண்டிருக்கிறது. எனவே அவர்கள் ‘புறக்கோளர்’. எதிர்த்தரப்பான புவியாரையும் செவ்வாயாரையும் அவர்கள் அழைக்கும் ‘இன்னர்’, ‘அகக்கோளர்’. அகமும் புறமும் நமக்குக் கைவந்த இணை அல்லவா?
— வெ.

அந்த இணை அழகாக இருப்பதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. யாருக்குப் புறம்? புறக்கணிப்பு, புறம்போக்கு என்று நம் மொழியில் அம்முன்னொட்டு எங்கெல்லாம் போய் நிற்கிறது என்பதை வெ. அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். முதல் அத்தியாயத்தில் ஐ.நா. அதிகாரி அவசரளா ஒரு பெல்ட்டர் கைதியை விசாரிக்கும் காட்சி நினைவிருக்கும். குறைந்த ஈர்ப்பில் வளர்ந்து நீண்டு மெலிந்த உடல். அவனைக் கொக்கியில் தொங்கவிடுவதோடு சரி, வதைக்கும் வேலையைப் புவியின் ஈர்ப்பே பார்த்துக்கொள்கிறது. அவனுடைய அரசியல் அவன் எலும்பில் இருக்கிறது. அவனைப் போய்ப் ‘புற’ என்றால், விசாரிப்பவரின் நாற்காலியிலிருந்து பெயர் வைத்ததாகிவிடும். இயக்கத்தின் பெயர் உத்தி. வாய்விட்டு முழங்குவது ‘பெல்டலௌடா’ என்ற அவர்கள் கலப்புமொழிச் சொல்லைத்தான்.

அச்சொல்லில் ‘நாம்’ என்ற உணர்வும் ஏறியிருக்கிறது. நமக்கோ நாமும் நாங்களும் வேறு வேறு. சிறுகோள்களைப் புவிமீது எறிந்துவிட்டு பெல்ட்டர் போராளித் தலைவன் மார்க்கோ இனரோஸ் ஒலிபரப்பும் உரையை இரு தரப்பும் கேட்கின்றன. மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு வரியிலும் அவன் யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்று முடிவெடுத்தே தீர வேண்டும்.
— செ.

கிளைக்கேள்வி ஒன்று. கோளின் வலிய ஈர்ப்பாகிய ‘ஈர்ப்புக் கிணற்றுக்குள்’ வாழும் கோள்வாசிகளோடு ஒட்டிக்கொண்ட துரோகியை ‘வெல்வாலா’ என்று ஏசுகிறார்களே, அதற்குக் ‘கிணற்றுத் தவளை’ என்று எழுதிவிடலாமா? பெல்ட்டராகப் பிறந்தும் புவி நிறுவனத்துக்கு வேலை பார்க்கும் துப்பறிவாளர் மில்லரைத் திட்டும் இடத்துக்கு மிகவும் பொருந்தும்.
— கு.

பொருந்தாது. கிணற்றுத் தவளை கிணற்றிலேயே பிறந்தது; மில்லர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவர்.

மூலக் கேள்விக்கு வருகிறேன். ந. அவர்கள் இரு வாய்க்கும் பொருந்தும் ஒரே சொல் கேட்டார். தமிழில் ஒரே சொல் தேவையில்லை, விகுதியே அந்த வேலையைச் செய்துவிடும். தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது ‘பட்டையர்’, புவிப் படைவீரன் சொல்லும்போது ‘பட்டையான்’. ஆங்கிலத்தில் நடிகரின் குரல் சுமப்பதை இங்கே ஒரு விகுதி சுமக்கிறது. கானிமீட்காரருக்கு அது இடத்தால் பொருந்தாது என்பது உண்மைதான். ஆங்கிலச் சொல்லும் அவருக்குப் பொருந்தாமலேதான் வழங்குகிறது.
— செ.

அனைவருக்கும் நன்றி. நாளை காலை ஒப்படைக்க வேண்டியிருப்பதால் ‘பட்டையர்’, ‘பட்டையான்’ என்றே எழுதிவிட்டேன். ‘அகக்கோளர்’ என்பதை மட்டும் வெ. அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன், தங்களை அகம் என்று அவர்கள்தானே நினைத்துக்கொள்கிறார்கள்.
— ந.

இணையில் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிடுவதை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.
— வெ.

பாலையில் நிலம் திரிவதைப் பற்றி வெ. அவர்கள் எழுப்பிய தடைக்கு விரிவான விடை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.
— இ.