புதுப்பிப்பு: ஜெபமாலை நேரத்தில் போன்

இரவு ஜெபமாலையின்போது பத்தாம் வகுப்பு மகன் போனைக் கீழே வைப்பதில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். "பிடுங்காதீர்கள், கார்லோ அக்குதிஸ் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர்.

சொன்னேன். நற்கருணை (திருப்பலியில் இயேசுவின் உடலாகப் பெறும் அப்பம்) தொடர்பான அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் அமைத்த மிலான் நகரத்துப் பையன். 2006இல், 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை (போப்) 14ஆம் லியோ அவனைப் புனிதராக அறிவித்தார். ஆனால் மகனைத் தொட்டது வேறு: வீடியோ கேமுக்கு வாரம் ஒரு மணி நேரம்தான் என்று கார்லோ தனக்குத் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

"அப்போ உங்க போனும் வைக்கணும்ப்பா" என்றான். சரி, நியாயம்தானே. இப்போது ஏழரை மணிக்கு எல்லாப் போனும் மாதா படத்துக்குக் கீழே. நேற்று ஜெபமாலையின் ஐந்து பகுதிகளில் மூன்றாவதான தேவ இரகசியத்தை அவனே முன்சொன்னான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.