மறுமொழி: துலங்கு பந்தல்னு வச்சுக்கலாமா?

> பதில்வினைக் கணிமைத் துணிக்கட்டடக்கலை. இதுவே இருக்கட்டுமே, எல்லாப் பொருளும் உள்ள வந்துருச்சு.

ஐயா, பொருள் வந்துருச்சு, சொல்லி முடிக்கத்தான் மூச்சு பத்தல. நாம தமிழ்ப் பேரு தேடுறது responsive computational textile architectureக்கு, அதாவது வெயிலு, ஆளு நடமாட்டத்துக்கு ஏத்தபடி மாறுற, கம்ப்யூட்டர் கணக்குல வடிவமைச்ச துணிக் கட்டடத்துக்கு.

மொதல்ல அந்தக் கணிமையை, அதான் computationalஐ, தூக்கிருவோம். நான் திருபுவனத்துக்காரன், வீட்டுலயே பட்டுத்தறி. மேல ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதுல ஓட்டை போட்ட அட்டை மாலையாட்டம் கோத்து சுத்தி வரும், மிதிச்சா ஓட்டை இருக்கிற எடத்துப் பாவு இழை (நீளவாக்குல ஓடுற நூல்) மேல ஏறும், இல்லாத எடத்துல அப்படியே கெடக்கும், அவ்ளோதான் விஷயம். எங்கப்பா ஒரு தடவ ரெண்டு அட்டைய மாத்திக் கோத்துட்டாரு, முந்தி மயிலுங்க அத்தனைக்கும் கழுத்துல ஒரே மாதிரி கோடு, முதலாளி கூலியில புடிச்சுட்டாரு. 1804ல வந்த இந்த அட்டைய வச்சுத்தான் கம்ப்யூட்டருக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜும் தன்னோட கணக்கு மிஷினுக்கு அட்டை யோசிச்சாரு. அதனால துணிக்குக் கணக்கு புதுசில்ல, தனியா ஒட்டிக் காட்டணுமா என்ன?

அடுத்தது பதில்வினை, அதான் responsive. பள்ளிக்கூடத்துலயே தூண்டல், துலங்கல்னு படிச்சாச்சு. துலங்குன்னா பளிச்சுனு ஒளிர்றதும் தான். 2017ல நியூயார்க் மோமா பிஎஸ்1 கலைக்கூட முற்றத்துல கட்டடக் கலைஞர் ஜென்னி சேபின் கட்டுன லூமென்ங்கிற துணிக் கூடாரம் பகல்ல வெயில வாங்கி ராத்திரி ஒளிரும், ஆளு கிட்ட போனா பனி மாதிரி தண்ணி தூவும். ரெண்டு அர்த்தமும் ஒரே துணியில! அது மெஷின் பின்னல், தறி நெசவு இல்ல, அதனால பேருல நெசவும் வேணாம். அதுல குழாய் குழாயா தொங்குறதப் பார்த்தப்ப எனக்குத் திருவாரூர் ஆழித்தேர்ல தொங்குற துணிக் குழல், அதான் தொம்பை, ஞாபகம் வந்துச்சு. தேருக்கு மூங்கில் கட்டி சீலை சுத்தி அம்மாம் ஒசரத்துக்கு ஏத்துறோமே, அது கட்டடம் இல்லாம வேற என்ன?

> அப்ப துலங்கு சீலைன்னே வைக்கலாமே?

வச்சுப் பார்த்தேன், எங்கம்மா “என்ன வெல”ன்னு கேட்டாங்க. அதான் பந்தல்.

> பந்தல்னா கல்யாணம் முடிஞ்சா பிரிச்சிருவாங்களே.

லூமெனும் ஒரு கோடைக்குத்தான் நின்னுச்சு, அப்புறம் பிரிச்சாச்சு. நெரந்தரமா நிக்கிறது வந்தா அதுக்குத் துலங்கு கூரைன்னு அப்ப பார்த்துக்கலாம்.

ஒன்னு மட்டும், இது வினைத்தொகை, நடுவுல ப் வராது. பட்டியல்ல ஏத்துறவங்க தயவுசெஞ்சு திருத்திராதீங்க.