4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

வெள்ளவத்தையில், காலி வீதிக்குப் பக்கத்தில், காது கேட்கும் கருவி பொருத்தும் இடமொன்றில் வேலை செய்கிறேன். சென்ற வருடம் அறுபது தாண்டிய ஒருவர் வந்தார். மனைவி வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள் என்பதுதான் முறைப்பாடு. இங்கே வரும் ஆண்கள் எல்லாரும் குற்றத்தை மனைவி வாயில்தான் போடுவார்கள், சரி.

சோதித்துப் பார்த்தேன். கேள்திறன் வரைபடம் ஒழுங்காக வந்து, கீச்சுச் சத்தங்கள் இருக்கும் 4000 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி விழுந்து, 8000 பக்கம் கொஞ்சம் ஏறியது. இரண்டு காதிலும் அப்படியே. இரைச்சல் தின்ற காது. "மில்லில் வேலையா சேர்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"எயார் ஃபோர்ஸ். ஹெலி."

"பெல்லா?" வாய் முந்திக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தார். முதலில் பெல் 212 ஹெலிகொப்டர், 1995க்குப் பிறகு ஹிங்குராக்கொடை விமானப்படைத் தளத்தில் எம்ஐ-24 தாக்குதல் ஹெலி. "மல்லிக்கு எப்படித் தெரியும்?" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

1987 மே மாதம் ஆமி யாழ்ப்பாணத்தில் எங்கள் வடமராட்சிக்குள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பெல்லுக்கு இரண்டே இறக்கை. டப் டப் டப் என்று அது வருவது கண்ணில் படுவதற்கு முன்பே கேட்கும். அப்பம்மா அடுப்பை அணைத்து, எங்களை எண்ணி, பங்கருக்குள் இறக்கிவிட அந்த நேரம் போதும். சத்தம் தேய்ந்து போனால் பயமில்லை. ஒரே இடத்தில் சுற்றினால்தான். இதொன்றையும் அவரிடம் சொல்லவில்லை. "ஊர் பருத்தித்துறைப் பக்கம்" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது.

கருவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் அவராகவே கதைத்தார். 1995 ஏப்ரலில் பலாலிப் பக்கம் இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையில் விழுந்த பிறகு உயரத்தில் பறக்கவே பயமாம். பனை வட்டை உரசுகிற மாதிரிப் போவார்களாம். அவ்வளவு தாழப் போனால் கீழே இருப்பவனுக்குக் குறி வைக்க நேரம் இராது. எம்ஐ-24இல் முன்னால் கன்னர், அவருக்குப் பின்னால் ஒரு படி உயரத்தில் இவர். சூட்டைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்ற நெருப்புப் பொறிகளை உதிர்த்துக்கொண்டே திரும்புவதாம். எஞ்சின் இரைச்சலில் தான் சுடுவதே சரியாகக் கேட்காது, இருக்கை அதிர்வதில்தான் தெரியும் என்றார். கீழேயிருந்து சுட்டால்? தரையிறங்கி ஓட்டைகளை எண்ணும்போதுதான்.

கீழே வேறு யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பின்னேரம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்.

"கீழே எப்படிக் கேட்கும்?" என்றார்.

மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். அது தாழ்ந்த சுருதிச் சத்தம், அந்தக் காதுக்கும் கேட்கும். நான் நிறுத்தும்வரை ஒன்றும் பேசவில்லை.

கருவியைப் பொருத்தி இயக்கினேன். புதிதாகப் போடுகிறவர்கள் முதலில் முறையிடுவது ஃபேனைப் பற்றித்தான். அவரும் அண்ணாந்து பார்த்து, "அதை நிற்பாட்ட ஏலுமா மல்லி?" என்றார். நிற்பாட்டினேன். இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க மிச்ச அளவுகளைச் சரிசெய்தோம்.