நர்ஸ் வகுப்பில் ஹேஸ் பீனும் ஹேட் பீனும்

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூஸ், அதாவது 'ஹேட் பீன் டூயிங்' வகை வாக்கியம், என்று ஆரம்பித்தாலே, "இதெல்லாம் யார் மேடம் பேசுகிறார்கள்?" என்று கேட்பார்கள். பள்ளியில் பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணையாக மனப்பாடம் செய்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். கடிதம் எழுத உட்காரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதி 45 நிமிடம். நோயாளியைப் பற்றிய குறிப்புகளான கேஸ் நோட்ஸைப் படித்துவிட்டு, நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகிறவருக்குச் சுமார் 180 முதல் 200 வார்த்தையில் கடிதம் எழுத வேண்டும்.

ஒருமுறை நான் கொடுத்த நோட்ஸ் இது: முழங்கால் வலிக்கு இரண்டு வாரமாக ஐபுப்ரோஃபென் சாப்பிட்ட ஓர் அம்மா, வயிற்றில் ரத்தக் கசிவோடு அட்மிட் ஆகிறார். மாத்திரையை அன்றே நிறுத்திவிடுகிறார்கள். வார்டில் நல்ல அனுபவமுள்ள ஒரு மாணவி, 'ஷி ஹேஸ் பீன் டேக்கிங் ஐபுப்ரோஃபென் ஃபார் டூ வீக்ஸ்' என்று எழுதியிருந்தார். தாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து, "நீங்கள்தான் டாக்டர். இதைப் படித்ததும் என்ன செய்வீர்கள்?" என்றேன்.

"ரத்தக் கசிவு இருக்கும்போது இன்னுமா அந்த மாத்திரையைக் கொடுக்கிறீர்கள் என்று உடனே போன் போடுவேன்" என்றார்.

எழுதியவர் பதறிப்போய்த் தாளை வாங்கி, ஹேஸை அடித்து ஹேட் என்று மாற்றினார். சரி, அதோடு 'பிஃபோர் ஹெர் அட்மிஷன்' என்பதையும் சேர்க்கச் சொன்னேன். ஹேட் பீன் என்றால் கடந்த காலத்தில் ஒரு கட்டம் வரை தொடர்ந்தது என்று பொருள். எந்தக் கட்டம் என்பது வாக்கியத்திலோ முன்வரியிலோ இருந்தே ஆக வேண்டும்.

இது பிடிபட்டதும் சிலர் எல்லா இடத்திலும் போட ஆரம்பிப்பார்கள். 'ஷி ஹேட் பீன் ஹேவிங் டயபடீஸ்' என்பது அடிக்கடி வரும். சர்க்கரை நோய் ஒரு நிலை, அதற்கு ஐஎன்ஜி ஒட்டாது. இன்னும் இருக்கிற நோய் என்பதால் 'ஹேஸ் ஹேட் டயபடீஸ் ஃபார் டென் இயர்ஸ்' போதும். முந்தைய இரவிலிருந்து விடாமல் வாந்தி எடுத்த பிறகு அட்மிட் ஆனார் என்றால், தாராளமாக 'ஹேட் பீன் வாமிட்டிங் சின்ஸ் த பிரீவியஸ் நைட்'. பாத்ரூமில் ஒரு தடவை வழுக்கி விழுந்தார் என்றால் வெறும் 'ஃபெல்'.

இப்போதெல்லாம் அட்டவணையை நான் காட்டுவதே இல்லை. கேஸ் நோட்ஸில் அட்மிஷன் தேதியைச் சுற்றி வட்டம் போடச் சொல்கிறேன். அதற்கு முன் எது நடந்துகொண்டிருந்தது, எது இன்றும் நடக்கிறது என்று அவர்களே பிரித்துவிடுகிறார்கள்.