மண்ணில் எது எச்சம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்பதால், மண்ணில் தங்கும் 'pesticide residue'-க்குத் தமிழில் என்ன பெயர் இடுவது என்று மூன்று நாளாக நீளும் இந்த இழையில் என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். வரைவைப் படித்த மாணவி ஒருவர், "முதல் படியில் கல்லையும் பயிர் எச்சத்தையும் நீக்கச் சொல்கிறீர்கள், கடைசிப் படியில் எச்சத்தை அளக்கச் சொல்கிறீர்கள், நீக்கியதை எப்படி அளப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிழலில் உலர்த்திய மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலிக்கும்போது மேலே தங்குவது வேரும் நெல்லின் அரிதாளும்தான். உழவர் சொல்லாலேயே தாள், வேர், சருகு என்று எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். சலித்த மண்ணில் 10 கிராம் எடுத்து, நீர் விட்டு நனைத்து, 10 மி.லி. அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானை ஊற்றிக் குலுக்கும்போது அதில் இறங்குகிறதே, அதற்குப் பெயர் என்ன என்பதே வழக்கு.

கோவை ஐயா பரிந்துரைக்கும் 'எஞ்சிய நஞ்சு' வேளாண் வட்டாரத்தில் ஊன்றிய சொல்தான். ஆனால் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மண்ணில் சிதைந்து டிடிஇ என்ற வேறொரு சேர்மமாக மாறிக் கிடக்கிறது. தெளித்ததில் எஞ்சியதோடு அதிலிருந்து பிறந்ததையும் சேர்த்தே அளக்கிறோம். 'எஞ்சு' வழிவந்த எச்சம் இரண்டையும் தாங்கும். 'தக்கார் தகவிலர்' என்று தொடங்கும் குறளில் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள், அதாவது பெற்ற பிள்ளைகள், என்றே பொருள் கொண்டார். 'தீயெச்சம் போலத் தெறும்' என்னுமிடத்தில் அதுவே அணையாமல் மிஞ்சிய நெருப்பு. மண்ணில் நாம் தேடுவதை இதைவிடப் பொருத்தமாகச் சொல்லும் வேர் எனக்குத் தெரியவில்லை.

'பூச்சிக்கொல்லி எச்சம்' போதும் என்போர், களைக்கொல்லியான அட்ரசினை எதில் அடக்குவார்கள்? ஆகவே நஞ்சும் அரவும் சேர்ந்த நச்சரவு போல, நஞ்சும் எச்சமும் சேர்ந்த 'நச்செச்சம்' என்பதே என் பரிந்துரை. 'மருந்தடித்தல்' என்ற வழக்கை ஒட்டித் தஞ்சை அம்மையார் சொன்ன 'மருந்தெச்சம்' காதுக்கு இதமாக இருக்கிறது. எனினும் பாலில் கால்நடை மருந்தின் எச்சத்தை அளப்பவருக்கு அச்சொல்லை விட்டுவைக்க வேண்டும். மைக்ரோகிராம் அளவில் இருப்பதை நஞ்சு என்று எழுதி மக்களை அச்சுறுத்தலாமா என்ற அம்மையாரின் மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை.

பெரும்பான்மை 'பூச்சிக்கொல்லி எச்சம்' பக்கம் சாய்ந்திருப்பதால் கையேட்டில் அதையே இடுகிறேன். சொல்லடைவில் அதனருகே நச்செச்சத்தையும் சேர்க்க மறுப்பிருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.